சொலூசனுக்கு மயக்க ஊசி போட்ட நாள்

எங்கள் பூனைக்கு சொலூசன் என்று பெயர். தாராவியில் தோல் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தோலோடு தோலை ஒட்டுவதற்குப் பட்டறைகளில் வைத்திருக்கும் மஞ்சள் பசையைத்தான் பம்பாயில் சொலூசன் என்பார்கள். அப்போதுதான் நடக்கப் பழகிய ஒரு பூனைக்குட்டி எங்கள் பட்டறையில் அந்த டப்பாவுக்குள் இறங்கிவிட்டது. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் அதைத் தூக்கி, ஒட்டிக்கொண்ட முடியையெல்லாம் தோல் வெட்டும் கத்திரியாலேயே நறுக்கி எடுத்தார்கள். பாதி மொட்டையாக, அடுத்த சந்தில் மாடியிலிருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

எலிக்காக வளர்ப்பதாகத்தான் வாப்பா எல்லோரிடமும் சொல்வார். தைத்து அடுக்கிய பர்ஸ்களை எலி கடித்து வைப்பது உண்மைதான். ஆனால் எலி பிடிக்க வேலைக்கு வைத்த ஒரு ஜீவனுக்குத் தினமும் மார்க்கெட்டிலிருந்து மீன் வாங்கி வந்து, முள் எடுத்து, கையில் வைத்து ஊட்டிவிடுகிற முதலாளியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எனக்கு ஒரு நாள்கூட அவர் மீன் முள் எடுத்துத் தந்ததில்லை. இதைச் சொல்லி நான் சண்டை போட்டால், உனக்குக் கை இருக்கிறதே என்பார்.

நான் நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, மழைக்காலத்துக்குச் சற்று முன்னால், சொலூசன் ஓர் ஈத்து குட்டி போட்டது. அதற்குப் பிறகு அதன் உடம்பு தேறவேயில்லை. வயிறு மட்டும் வீங்கிக்கொண்டே வந்தது. மீனை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. வாப்பா கூடையில் வைத்து செம்பூரில் ஒரு மிருக டாக்டரிடம் கொண்டுபோனார். கர்ப்பப்பைக்குள் சீழ் கட்டியிருக்கிறது, வயிற்றைக் கிழித்து அதை எடுத்தே ஆகவேண்டும், தள்ளிப்போட்டால் பிழைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது வாப்பா யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில் உம்மா வீட்டில் இல்லை. உம்மாவின் தங்கைக்குப் பிரசவம் என்று காட்கோபருக்குப் போயிருந்தாள். வீட்டைப் பார்த்துக்கொண்டது சாச்சி, அதாவது வாப்பாவின் தம்பி மனைவி. சாச்சா கல்யாணம் முடிந்த சில மாதத்திலேயே சவுதிக்குப் போனவர், அங்கேயே இறந்து, அங்கேயே அடக்கமும் ஆகிவிட்டார். ஊரில் தனியாக இருக்கவேண்டாம் என்று வாப்பாதான் சாச்சியைப் பம்பாய்க்கு அழைத்து வந்திருந்தார். சாச்சிக்கு இந்தி வராது. காய்கறிக்காரனிடம் பேசக்கூட என்னைத்தான் கூட்டிப்போவாள். அதனால் எனக்கு வீட்டில் கொஞ்சம் அந்தஸ்து கூடியிருந்தது. இதை நான் கூச்சமில்லாமல் அனுபவித்துக்கொண்டிருந்தேன்.

ஆபரேஷனுக்கு முந்திய நாள் இரவிலிருந்து சொலூசன் ஒன்றும் சாப்பிடக்கூடாது என்று டாக்டரின் உத்தரவு. மயக்கத்தில் வாந்தி வந்தால், விழுங்கத் தெரியாத நிலையில் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடுமாம். சீக்கில் கிடந்த பூனை, நாள்கணக்காக மீனைத் திரும்பிப் பார்க்காத பூனை, கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்ததும் எங்கிருந்தோ பசி வந்து கத்தத் தொடங்கியது. ரமலான் இல்லாத மாதத்தில் எங்கள் வீட்டில் ஒரே ஒரு நோன்பாளி. பாவமாக இருந்தாலும் நாங்கள் யாரும் இரங்கவில்லை.

அந்த டாக்டர் சிடுமூஞ்சி. ஆனால் அவருடைய சிடுசிடுப்பெல்லாம் மிருகங்களோடு வரும் மனிதர்களிடம்தான். சொலூசனைக் கூடையோடு தராசில் வைத்தார். பிறகு கூடையை மட்டும் வைத்தார். திருப்தியில்லாமல் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். கறிக்கடையில்கூட இத்தனை தடவை நிறுக்கமாட்டார்களே என்று வாப்பா முணுமுணுத்தது அவர் காதில் விழுந்துவிட்டது. மருந்தின் அளவு எடையைப் பார்த்துத்தான், இத்தனை சின்ன உடம்பு ஒரு சொட்டு கூடினாலும் தாங்காது, வெட்டுவதும் தைப்பதும் எனக்குக் கை பழகிய வேலை, இதை மயக்கத்துக்குள் இறக்கிவிட்டுப் பத்திரமாக மேலே ஏற்றுவதுதான் பெரிய வேலை என்று இந்தியில் பொரிந்து தள்ளினார். வாப்பா வாயை மூடிக்கொண்டார். பட்டறையில் அத்தனை பேரை அதட்டும் வாப்பா அடங்கி நின்றது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது.

ஆபரேஷன் அறைக்கதவில் ஒரு சின்னக் கண்ணாடி பதித்திருந்தார்கள். மர ஸ்டூலில் ஏறி நின்றால் உள்ளே தெரியும். டாக்டர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மேஜையின் தலைமாட்டில் பச்சை உடுப்பு போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் வெட்டவும் இல்லை, எடுத்துக் கொடுக்கவும் இல்லை. சொலூசனின் நெஞ்சையும் பக்கத்திலிருந்த மிஷினையும் மாறி மாறிப் பார்ப்பது மட்டும்தான் அவள் வேலை. சொலூசனின் நாக்கை வெளியே இழுத்து, துணி காயப்போடும் கிளிப்பைப் போல ஒன்றை அதில் மாட்டியிருந்தார்கள். மிஷின் பீப், பீப் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் ஒரே சீராக வந்தவரை நானும் ஒரே சீராக மூச்சு விட்டேன்.

அப்போதுதான் கண்ணைப் பார்த்தேன். சொலூசனின் கண் இரண்டும் அகலத் திறந்திருந்தன. கதவுப் பக்கம்தான் முகம். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நான் கையை ஆட்டினேன், கண்ணாடியில் மெல்லத் தட்டினேன். ஒரு இமைகூட அசையவில்லை. அந்தப் பெண் ஒரு டியூபை எடுத்து அந்தத் திறந்த கண்ணுக்குள் களிம்பைப் பிதுக்கினாள். கண்ணுக்குள் களிம்பு விழுந்தும் அது சிமிட்டவில்லை.

டாக்டர் வெளியே வந்ததும் அதைத்தான் முதலில் கேட்டேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று அவர் சொன்னது என் காதில் ஏறவே இல்லை. இந்த மருந்துக்குப் பூனை கண்ணை மூடாது, காய்ந்துபோகாமல் இருக்கத்தான் களிம்பு என்றார். அப்படியானால் அது என்னைப் பார்த்ததா என்று விடாமல் கேட்டேன். குழந்தை என்று இரக்கப்பட்டாரோ என்னவோ, குனிந்து கொஞ்சம் மெதுவாகவே சொன்னார்: "கண்ணு திறந்திருக்கும் பேட்டா. ஆனா உள்ளேயிருந்து பாக்கிறதுக்கு ஆள் இருக்காது."

இதற்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம். பூட்டிப்போட்ட வீட்டில் யாரும் ஓதாமல் விட்டால் ஜின் குடியேறிவிடும் என்று மதரசாவில் உஸ்தாத் சொல்லியிருந்தார். பூட்டிய வீட்டுக்கே அப்படி என்றால், இங்கே ஆளும் இல்லை, கதவு இரண்டும் திறந்து வேறு கிடக்கிறது. எனக்குத் தெரிந்த குர்ஆன் சூராக்களையெல்லாம் அவசரமாக ஓதி சொலூசன் இருந்த பக்கமாக ஊதினேன். வாப்பா எனக்கு மூக்கில் ஏதோ கோளாறு என்று நினைத்துக் கைக்குட்டையை எடுத்து நீட்டினார்.

விடிகாலையில் பிடித்த மழை அதற்குள் முற்றியிருந்தது. பம்பாய் மழை எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா? சாக்கடைத் தண்ணீர் வாசல்படி ஏறி உள்ளே வர ஆரம்பித்தது. மின்சாரம் போயிற்று. டாக்டரும் அந்தப் பெண்ணும் கூண்டுகளைத் தூக்கி மேஜை மேல் அடுக்கினார்கள். தானாக எழுந்து உட்காரும்வரை எந்த மிருகத்தையும் நான் வெளியே அனுப்பியதில்லை, இன்று வேறு வழியில்லை என்று டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். சொலூசன் ஒரு தடவை எச்சில் விழுங்கியிருந்தது, காதும் ஒரு முறை துடித்திருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அனுப்ப ஒத்துக்கொண்டார்.

வாப்பாவின் காதில் போன் இருந்தது. பட்டறைக்குள் தண்ணீர் வந்துவிட்டது, தரையில் கிடக்கும் தோலை எங்கே வைப்பது என்று அங்கிருந்து கத்திக்கொண்டிருந்தார்கள். அதனால் டாக்டர் என்னிடம் திரும்பினார். ஒருக்களித்துப் படுக்க வை. கழுத்தை நீட்டி வை, மடங்கக்கூடாது. நாக்கு முன்னால் கிடக்கட்டும். உடம்பு குளிர்ந்தால் மயக்கம் தெளியாது, பாட்டிலில் சுடுதண்ணீர் ஊற்றித் துணி சுற்றி அணைத்து வை. கண்ணைப் பார்க்காதே, நெஞ்சைப் பார். அது தலையைத் தூக்கி உட்காரும்வரை வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படக்கூடாது, பட்டால் நேரே நுரையீரலுக்குப் போகும், அதோடு முடிந்தது. எல்லாவற்றையும் என்னைத் திரும்பச் சொல்லவைத்தார். பரீட்சையில்கூட நான் அத்தனை சுத்தமாக ஒப்பித்ததில்லை.

ரிக்ஷா சயான் அருகே தண்ணீரில் நின்று நின்று போனது. பக்கவாட்டுத் திரை கிழிந்திருந்ததால் சாரல் உள்ளே அடித்தது. கூடையின் மேல் நான் கவிழ்ந்து உட்கார்ந்திருந்தும் துணி நனைந்துவிட்டது. கடைசியில் முழங்கால் தண்ணீரில் வாப்பா கூடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தார். இரும்பு ஏணியில் ஏறி எங்கள் கோலிக்குள், பம்பாயில் ஒற்றை அறை வீட்டை அப்படித்தான் சொல்வார்கள், கூடையை வைத்தவர், சாச்சியிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் பட்டறைக்கு ஓடினார். ஊர் முழுவதும் நனைந்தாலும் உலர்ந்துவிடும். தோல் நனைந்தால் போனது போனதுதான்.

பகல் மூன்று மணி இருக்கலாம். மேகமும் மின்வெட்டும் சேர்ந்து வீட்டுக்குள் அந்தி மாதிரி இருந்தது. மேலே தகரத்தில் மழை அடித்த சத்தத்தில் பக்கத்திலிருப்பவர் பேசுவதே அரைகுறையாகத்தான் கேட்டது. நான் ஈரத்துணியை விலக்கினேன். சாச்சி எட்டிப் பார்த்தாள்.

சொலூசனின் காதுகள் இப்போது துடிக்கவில்லை. தொட்டால் கால்கள் ஜில்லென்றிருந்தன. நாக்கு ஓரமாகத் தொங்கியது. வயிற்றில் முடி மழித்த இடத்தில் தையல் கறுப்பாக ஓடியது. கண் மட்டும் அகலத் திறந்து, களிம்பு மினுங்க, எங்கள் இரண்டு பேரையும் தாண்டி எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. நான் டாக்டர் சொன்னதையெல்லாம் கடகடவென்று சொன்னேன். மயக்கத்தில் இருக்கிறது, கொஞ்ச நேரத்தில் முழித்துவிடும் என்றேன். சாச்சி எழுந்து போய்க் கை, கால், முகம் கழுவி வந்தாள். முக்காட்டைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டாள். உலர்ந்த துணி ஒன்றை விரித்து அதில் பூனையைக் கிடத்தினாள். தொழும் திசையிலிருந்த சுவரைப் பார்த்து அதன் முகத்தைத் திருப்பினாள்.

கழுத்து மடங்குகிறது சாச்சி என்று நான் நேராக்கினேன். சாச்சி திரும்பத் திருப்பினாள். நான் திரும்ப நேராக்கினேன். சாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுடைய கையும் பூனையின் காலைப் போலவே ஜில்லென்றிருந்தது.

"இது மௌத்தாயிட்டு புள்ள," என்றாள். "சின்னப்புள்ளட்ட எப்படிச் சொல்லதுன்னு டாக்டர் அப்படிச் சொல்லியிருப்பாவ. அவுகளுக்கும் எங்கிட்ட இப்படித்தான சொன்னாவ. மயக்கத்துல இருக்காவ, ஊசி போட்டிருக்கு, முழிச்சிருவாவன்னு."

எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். வெளிநாட்டில் ஒருவர் இறந்துவிட்டால் நேராக யாரும் சொல்லமாட்டார்கள். முதல் போனில் உடம்பு சரியில்லை என்பார்கள். அடுத்த போனில் ஆஸ்பத்திரி, அதற்கடுத்த போனில் மயக்கம். கேட்பவர் ஒவ்வொரு படியாக இறங்கி வரட்டும் என்று விட்டுவிட்டுக் கடைசியில்தான் தரையைக் காட்டுவார்கள். சாச்சாவை அடக்கம் செய்து முடித்த பிறகும் ஊரில் சாச்சி அவர் முழிப்பதற்காக ஓதிக்கொண்டிருந்தாளாம். இதெல்லாம் எனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் அதற்கும் சொலூசனுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. டாக்டர் என்னிடம் பொய் சொல்லவில்லை என்று கத்தினேன்.

சாச்சி உள்ளங்கையால் பூனையின் கண்களைத் தடவி மூடினாள். கையை எடுத்ததும் இமைகள் மெதுவாகத் திறந்துகொண்டன. மறுபடி மூடினாள். மறுபடி திறந்தன. சாச்சியின் உதடுகள் வேகமாக ஓதிக்கொண்டிருந்தன. ஓதுவதை நிறுத்திவிட்டு, குனிந்து, சொலூசனின் காதருகே, நான் அதுவரை கேட்டிராத ஒரு குரலில் பேசினாள்.

"கண்ண மூடிக்கிடுங்க. எல்லாத்தையும் நான் பாத்துக்கிடுதேன். இந்தா, பக்கத்துலதான் இருக்கேன்."

மீனுக்குக் கத்தினால் விளக்குமாற்றைக் காட்டி விரட்டும் பூனையிடம் யாராவது இவ்வளவு மரியாதையாகப் பேசுவார்களா? எனக்கு அதற்கு ஒரே ஒரு காரணம்தான் தோன்றியது. உள்ளே வந்துவிட்டது. சாச்சிக்கு அது தெரிந்துவிட்டது. ஜின்னிடம் மரியாதைக் குறைவாகப் பேசக்கூடாது என்று உஸ்தாதும் சொல்லியிருக்கிறார். நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது. நெஞ்சைப் பார், கண்ணைப் பார்க்காதே என்று டாக்டர் சொன்னது ஒன்றுதான் என்னை அங்கே நிறுத்தியது. பார்த்தேன். இருட்டில் நெஞ்சு அசைகிறதா, என் கண்தான் அசைகிறதா என்று பிடிபடவில்லை.

சாச்சி எழுந்து கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். சாச்சாவின் சாமான்களை அங்கிருந்தவர்கள் ஒரு பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தார்கள். அதை அவள் திறந்து நான் பார்த்ததில்லை. அதற்குள்ளிருந்து ஒரு ஜம்ஜம் பாட்டிலை எடுத்தாள். மக்காவிலிருந்து வரும் அந்தத் தண்ணீர் எங்கள் வீடுகளில் எல்லோரிடமும் கொஞ்சம் இருக்கும். உயிர் பிரியும் நேரத்தில் வாயில் ஊற்றுவதற்கென்றே பத்திரப்படுத்தி வைப்பார்கள். சாச்சா உயிரோடு இருந்தபோது வாங்கி வைத்த பாட்டில் அது. மூடியின் சீல் முறியும் சத்தம் மழையையும் மீறிக் கேட்டது. சாச்சி மூடியில் ஊற்றினாள். மூடி நிரம்பித் தண்ணீர் விரல் வழியே ஒழுகியது. பூனையின் தாடையை இன்னொரு கையால் மெல்லத் திறந்தாள்.

தண்ணீர் என்றதும் எனக்கு ஜின் மறந்துபோனது. பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். ஊற்றினால் நுரையீரலுக்குப் போகும், ஊற்றினால் செத்துவிடும் என்று அழுதுகொண்டே கத்தினேன். சாச்சி என்னைப் பார்க்கவில்லை. ஒல்லியான அந்த உடம்பில் அத்தனை பலம் எங்கிருந்து வந்ததோ, என்னையும் இழுத்துக்கொண்டு அவள் கை பூனையின் வாய்ப்பக்கம் இறங்கியது.

"ஒரு சொட்டு புள்ள. ஒரே ஒரு சொட்டு. இதுகூட நான் ஊத்தலைன்னா எப்படி?"

அவளைத் தடுக்க முடியாது என்று தெரிந்ததும், எதற்கு அப்படிச் செய்தேன் என்று இன்றும் எனக்குத் தெரியாது, அந்தக் கையை எதிர்ப்பக்கம் இழுக்காமல் அது போன வழியிலேயே இன்னும் கொஞ்சம் தள்ளினேன். மூடி உருண்டு தரையில் விழுந்தது. அவளுடைய நனைந்த விரல்கள் சொலூசனின் மூக்குக்கு நேரே போய் நின்றன. அங்கேயே இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. சாச்சியின் விரல்கள் சட்டென்று விறைத்தன. காய்ந்த கைக்கு ஒன்றும் தெரியாது, நனைந்த கையில் சின்னக் காற்றும் குளிராக உறைக்கும். அவள் விரலை எடுக்காமல் குனிந்தாள். மறுபடியும் வந்தது. நீண்ட இடைவெளி விட்டு மறுபடியும்.

"சாச்சி, சாகலை," என்றேன். "சாகலை சாச்சி!"

அவள் முகத்தில் அப்போது தெரிந்ததைச் சந்தோஷம் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். பேயறைந்ததுபோல் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்தவள்தான், நான் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தாள். அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீர் சுடவைத்தாள். பாட்டிலில் ஊற்றி வாப்பாவின் கைலியைச் சுற்றி பூனையின் முதுகோடு அணைத்தாள். ஆறியதும் மாற்றினாள். விரலை நனைப்பதும் மூக்கருகே வைப்பதுமாகவே இருந்தாள். அந்த பாட்டிலிலிருந்த ஜம்ஜம் தண்ணீரில்தான் நனைத்தாள், குடத்துத் தண்ணீரைத் தொடவேயில்லை.

மழை கொஞ்சம் வெறித்த நேரத்தில் சொலூசன் கண்ணைச் சிமிட்டியது. அவ்வளவுதான், ஒரே ஒரு சிமிட்டல். வெறுமையாகக் கிடந்த அந்தக் கண்ணுக்குள் யாரோ வந்து உட்கார்ந்தது எனக்கு அப்படியே தெரிந்தது. வந்தது சொலூசன்தான். தலையைத் தூக்கியது, பொத்தென்று விழுந்தது, மறுபடி தூக்கியது. எழுந்து குடிகாரனைப் போல் நாலு அடி வைத்து, வாப்பாவின் செருப்பின் மேல் தலை வைத்துச் சாய்ந்தது. நான் சிரித்தேன், அழுதேன், குதித்தேன். கீழ்க் கோலிக்காரர்கள் இடிந்து விழப்போகிறது என்று கத்தினார்கள். சாச்சி சிரிக்கவில்லை. பூனையை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வழியாகத் தோலையெல்லாம் பரணில் ஏற்றிவிட்டு வந்த வாப்பா, நடந்ததைக் கேட்டு என்னைத் தூக்கிச் சுற்றினார். இவளை டாக்டருக்குப் படிக்கவைக்கப் போகிறேன் என்று பட்டறையிலிருந்தவர்களிடமெல்லாம் சொன்னார். மறுநாள் காலையில் எனக்கும் மீன் முள் எடுத்துத் தந்தார். அப்போதுதான் சாச்சி அடுப்படித் திரைக்குப் பின்னால் வந்து நின்றாள். வாப்பாவிடம் அவள் எதையும் நேராகக் கேட்டதில்லை. உம்மா மூலமாகத்தான் கேட்பாள், இல்லாவிட்டால் என் மூலமாக. அன்று நேராகவே கேட்டாள்.

"மச்சான், அங்கன போன் போட்டு ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லுவியளா? அவுகள அடக்கதுக்கு முன்னால, யாராவது கைய நனைச்சு மூக்குகிட்ட வச்சுப் பாத்தாவளா?"

வாப்பாவின் கையிலிருந்த மீன் துண்டு தட்டில் விழுந்தது. ஆஸ்பத்திரியில் வைத்துத்தானேம்மா என்று தொடங்கினார்.

"கண்ணு தொறந்துதான் இருந்துச்சுன்னு சொன்னாவ. ஒடம்பு ஜில்லுன்னு இருந்துச்சாம். சொலூசனும் அப்படித்தான மச்சான் கெடந்துச்சு."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் கண்டுபிடித்த வித்தையை சாச்சி சவுதிவரை கொண்டுபோகிறாளே! மூச்சைப் பார்க்காமல் எதையும் சொல்லக்கூடாது வாப்பா என்று நானும் டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தேன். வாப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நேற்று தூக்கிச் சுற்றிய மனிதர் ஏன் இப்படிப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

கையைக் கழுவிவிட்டு வந்து போனை எடுத்தார். சாச்சாவோடு ஒரே அறையில் தங்கியிருந்தவரின் எண்ணைத் தேடி அழுத்தினார். நான் அவர் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்ததால் போனுக்குள் பேசியது எனக்கும் கேட்டது. ஒரு பெண் அரபியில் பேசினாள். பேசி முடித்ததும் அதையே மறுபடி பேசினாள். வாப்பா போனைக் காதிலேயே வைத்திருந்தார். திரையைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு உரக்கப் பேச ஆரம்பித்தார்.

"ஆமா, நாந்தான். ஒண்ணு கேக்கணும். தம்பிய அடக்கதுக்கு முன்னால மூச்சுப் பாத்தியளா? ஓ, டாக்டரே பாத்தாரா? கைய நனைச்சு வச்சா? மிஷின் மாட்டியும் பாத்தாவளா? நல்லாப் பாத்தியள்லா? ரெண்டு தடவ பாத்தாவளா. சரி, சரி. அது போதும்."

அந்தப் பெண் நிறுத்தாமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். வாப்பாவும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். திரைக்குப் பின்னால் சாச்சி நீளமாக மூச்சு விடுவது கேட்டது.

அந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை என்று சொல்வதற்குப் பதிவு செய்து வைத்த குரல் அது என்று பெரியவளான பிறகு தெரிந்துகொண்டேன். அன்று அது தெரியாது. மதரசாவில் நானும்தான் தினமும் அரபி ஓதுகிறேன், ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. இவருக்கு இவ்வளவு அரபி தெரியும் என்பதை இத்தனை நாளாக எங்களிடம் சொல்லாமலே இருந்திருக்கிறாரே என்று வாப்பா மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.